அனு கல்யாணப் பத்திரிகையும் உன் பெயரும்

சங்கரன்கோவில்,
ஆடி 28

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் அனுவும் கோமதியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், கவுகாத்தியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் அப்பாவுக்கு எதற்குப் பேனாவும் பேப்பரும் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அனு எடுத்துப் பார்த்துவிடுவாள். இது உனக்கும் எனக்கும் மட்டும் உள்ள பேச்சு. படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அனுவுக்கு மாப்பிள்ளை முடிவானது உனக்குத் தெரியும். பெயர் கோகுல், தென்காசியில் பேங்க் வேலை, அதிர்ந்து பேசமாட்டார், ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம், மண்டபமும் பேசியாகிவிட்டது. மூத்தவள் இருக்க ஆறு வயது சின்னவளுக்கு நடக்கிறதே என்று இப்போது யாரும் கேட்பதில்லை, கல்யாணத்துக்கு இருக்கும் பெண் என்று உன்னை நினைப்பதையே ஊர் நிறுத்திவிட்டது. போன பொங்கலுக்கு நீ வந்தபோது உன் காதோரத்து நரையை அம்மா பார்க்காத மாதிரி இருந்தாள், நான் பார்த்தேன். பொண்ணு டாக்டராயிட்டால்லா, அதுக்கேத்த மாப்பிள அமையணும்லா என்று சொல்லித்தான் இத்தனை நாள் ஓட்டினேன்.

அந்த டாக்டர் விஷயத்துக்குத்தான் வருகிறேன். நீ அங்கே பிஎச்.டி. ஆராய்ச்சியில் சேர்ந்த இரண்டாம் வருஷம், வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சை முடிந்தது, பாஸ் என்று போன் செய்தாய். நமக்குத் தெரிந்த வைவா ஒன்றுதான். நம் தெரு ஞானபூரணம் டீச்சரின் வைவாவுக்கு இரண்டு வேனில் சொந்தக்காரர்கள் போனார்கள், காலையில் டீச்சராகப் போனவர் மதியம் பிரியாணி பரிமாறும்போது முனைவர் ஆகியிருந்தார். அதனால் மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் வைத்தேன், உன் படத்துக்கு அங்கியும் தொப்பியும் போட்டு, முனைவர் பட்டம் பெற்ற எங்கள் குலவிளக்கே என்று எழுதி. அனு அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் நீ பதறிப்போய், அப்பா, இது நான் ஆராய்ச்சிக்குத் தகுதியா என்று பார்க்கிற பரீட்சை, பட்டத்துக்கு உள்ள வைவா கடைசியில்தான் வரும் என்றாய். ஃப்ளெக்ஸை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டேன். ஊருக்குக் கொடுத்த லட்டை எப்படித் திரும்ப வாங்குவது? நான் பொய் சொல்லவில்லை வேல்விழி, நான் சொன்னதைப் பொய்யாக்கியது நீ. காலாகாலத்தில் முடித்திருந்தால் அது உண்மையாகியிருக்கும்.

முடித்தாயா? முதலில் வகுப்பு என்றாய், பிறகு அந்தப் பரீட்சை, பிறகு வருஷா வருஷம் கமிட்டி முன்னால் செமினார், இரண்டு கட்டுரை அச்சில் வந்தால்தான் ஆய்வுச் சுருக்கம் கொடுக்கலாம் என்றாய், முதல் கட்டுரையையே மூன்று இடத்தில் திருப்பினார்கள், ஒருவழியாகச் சுருக்கம் கொடுத்தாய், ஆய்வேட்டையும் கொடுத்தாய், வெளியாட்கள் இரண்டு பேர் படித்துப் பார்ப்பார்கள் என்றாய். உளுந்து இலை ஏன் மஞ்சளாகிறது என்று பார்க்க ஏழு வருஷம். மேலநீலிதநல்லூர் காசிராஜன் என்னைக் கண்டாலே, அண்ணாச்சி, பாப்பா கண்டுபிடிச்ச மருந்துல நமக்கு ஒரு பாட்டில் வாங்கித் தாருமே, உளுந்து பூரா மஞ்சளாக் கெடக்கு என்கிறான். அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்கிறான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன மாதம் நீ, ஒருவர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார், இன்னொருவர் ஒரு அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பச் சொல்லுகிறார், ஆறு மாதம் ஆகும் அப்பா, இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று மெசேஜ் போட்டாய். முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் ஃபைல் பார்த்தவன் நான். ஒரு ஃபைல் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தால், கையெழுத்துப் போட யாருக்கும் மனமில்லை என்று அர்த்தம். உன் கைடு இதைச் சொல்லமாட்டார், பெற்றவன் சொல்லுகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்குக் கோகுலின் சித்தப்பா மாரிக்கண்ணன் வந்திருந்தார், காலேஜ் புரொபசர், நாலைந்து பேருக்குக் கைடாக இருந்து பட்டம் வாங்க வைத்தவர். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சம்பந்தி, மூத்தவ தீசிஸ் எந்த வருஷம் முடிச்சா, தலைப்பைச் சொல்லும், நெட்டுல கெடக்கும், எடுத்துப் படிக்கேன் என்றார். அவர் இலைக்கு இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கச் சொன்னேன். அவள் மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு வெளிநாடு போய்விட்டாள், கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். இனி பத்திரிகையில் உன்னை என்ன செய்வது? முனைவர் என்று போட்டால் அவர் தேடிப் பார்த்துப் பிடித்துவிடுவார். வெறும் வேல்விழி என்று போட்டால் ஃப்ளெக்ஸ் பார்த்த ஊர் பிடித்துவிடும். அச்சாபீஸிலிருந்து ப்ரூஃப் வந்தபோது உன் பெயர் இருந்த வரியையே அடித்துவிட்டேன். ஐநூறும் அச்சாகி வந்துவிட்டது, பார்க்க லட்சணமாக இருக்கிறது, முன்னைவிட இடமும் தாராளமாக இருக்கிறது. ஆகவே நீ கல்யாணத்துக்கு வரவேண்டாம். விமான டிக்கெட் போட்டிருக்கிறாயாம், ரத்து செய்துவிடு. அக்காவுக்குத் தீசிஸ்தான் பெரிதாம், வரமுடியாது என்று என்னிடம் சொல்லிவிட்டாள் என அனுவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க அழுதாள், இனி உன்னோடு பேச்சே இல்லை என்று உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள். யாரையாவது பிடித்து அவளுக்கு உண்மையைச் சொல்லக் கிளம்பாதே. அவள் மாப்பிள்ளையிடம் சொல்லுவாள், மாப்பிள்ளை சித்தப்பாவிடம் சொல்லுவார். தங்கச்சி வாழ்க்கையைவிட உன் பெயர் பெரிதில்லை.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள், மாதக் கடைசிவரை எதையும் படிக்கக் கூடாதாம். நீ வரமாட்டாய் என்பதை அவள் மட்டும் நம்பவில்லை. நீங்க முறையா எழுதி அழைக்கல, அதான் எம் மவ கோவிச்சுக்கிட்டு அப்படிச் சொல்லியிருக்கா, இப்பமே எழுதுங்க என்று என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பத்திரிகை ஒன்றை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்திருக்கிறாள், உறைக்குள் வைத்திருக்கிறேன். மூத்தவ பேரு மேல வந்திருக்குல்லா என்று கேட்டாள், வந்திருக்கிறது என்றேன். அவள் போன் செய்தால் லீவு இல்லை என்று நீயே உன் வாயால் சொல்லிவிடு.

அந்த அத்தியாயத்தைத் திருத்திக் கொடு. நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், அங்கே மழை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். நீ நல்லபடியாக, நீண்ட ஆயுளோடு இருக்க அம்மன் துணை செய்யட்டும். டிக்கெட் ரத்தான விவரத்தை எனக்கு மட்டும் அனுப்பு.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள் உன் அம்மா. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமையே வந்துவிடு மகளே, நீ வந்து நின்றால்தான் பந்தக்கால் நடுவோம் என்று வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுகிறாள்.

இப்படிக்கு,
உன் நன்மையை நினைக்கும் அப்பா,
நல்லகண்ணு