மூன்றாவது மாடியில் குலுங்கும் லிஃப்ட்

மார்ச் 3, செவ்வாய்

பேத்தியின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். மகன் ஐ.சி.யூ.வில் படுத்து ஆறு நாள். நிமோனியா. வாயில் குழாய், மெஷின்தான் மூச்சு விடுகிறது. ஒரு நாளைக்கு ஒருத்தர்தான் உள்ளே போகலாம், பத்து நிமிஷம். ஒரு நாள் நான், ஒரு நாள் மருமகள். படித்தது அஞ்சாங்கிளாஸ்தான். ஆனாலும் சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறை எல்லாம் நானே வாசித்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

இன்று என் முறை. வீட்டில் என் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். அவன் பக்கத்தில் நின்றால் ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே வந்து மருமகள் முகத்தைப் பார்த்ததும், "என் விரலைப் பிடிச்சாம்மா" என்று சொல்லிவிட்டேன். பொய்.

மார்ச் 4, புதன்

"கண்ணைத் திறந்து பாத்தாரு அத்தை" என்றாள். என்னைப் பார்க்காத கண்! சந்தோஷப்பட வேண்டியவள் பொறாமைப்பட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

"தலையாட்டினான்" என்றேன். அவளைவிட ஒரு படி மேலே போக வேண்டாமா? சீ.

மார்ச் 6, வெள்ளி

மாட்டிக்கொண்டோம். மருமகள் டாக்டரம்மாவிடம், "அதான் தலையாட்டுறாரே, குழாயை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"எப்படிம்மா ஆட்டுவாரு? மெஷினோட மல்லுக்கட்டக் கூடாதுன்னு மயக்கத்துலயே வச்சிருக்கோம். கண்ணைக்கூடத் திறக்க முடியாது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்களுமா அத்தை?"

"நீயுமாடி?"

அத்தனை பேர் முன்னால் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அழுதோம். இனி உள்ளதை உள்ளபடி சொல்வது என்று பேச்சு.

மார்ச் 7, சனி

காலையிலிருந்து மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறார்களாம். என் முறை. 'சரியாயிடும் ராசா' என்று சொல்ல நினைத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். குனிந்து காதில், "இந்த ஆஸ்பத்திரி லிஃப்டு மூணாவது மாடியில குலுங்குதுடா. எனக்குக் குலை நடுங்குது. எழுந்து வந்து பாரு" என்றேன்.

அசையவில்லை.

வெளியே வந்து, "ஒண்ணுமில்லடி" என்றேன். லிஃப்ட் பேச்சைச் சொல்லவில்லை, கிழவிக்குக் கிறுக்கு என்பாள்.

"சரி அத்தை" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். பொய் சொன்ன நாளில் இப்படிச் சாயவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்றுமில்லை என்றாள். நம்பினேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று சாயங்காலம் குழாயை எடுத்துவிட்டார்கள்! இன்று மருமகள் முறை. போனவள் வெலவெலத்துத் திரும்பி வந்தாள்.

"அத்தை, பேசுறாரு. ஆனா புத்தி பேதலிச்சிருச்சோன்னு பயமா இருக்கு. மூணாவது மாடி லிஃப்டைச் சரி பண்ணிட்டாங்களான்னு கேக்குறாரு!"

உட்கார்ந்துவிட்டேன்.

"தெளிவாத்தான்டி இருக்கான்."

"உண்மையச் சொல்லுங்க அத்தை."

பையிலிருந்து நோட்டை எடுத்து ஏழாம் தேதியைப் பிரித்துக் கொடுத்தேன். படித்துவிட்டு முந்தின பக்கங்களையும் புரட்டினாள். என் பொறாமை, பொய், எல்லாம் அதில் இருக்கிறது.

படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை அப்புறம்தான் எழுதினேன். நோட்டு கைக்குத் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.