ஈறு நிறத்தில் ஒரு பம்பர்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கார்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் தும்மல் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லாமல் இதென்ன தாளும் பேனாவும் என்று நினைப்பாய். என் போனுக்கு என்ன வந்தாலும் உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்துவிடுவார், அதனால்தான். நான் யாரிடம் பேசினாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிற மனுஷர், இந்த மூன்று வாரமாக நீ கூப்பிட்டால் மட்டும் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். போன வாரம் நீ, அப்பாவுக்கு என் மேல கோவமாம்மா, இந்த வருஷம் லீவு கிடைக்கல, வர முடியாதுன்னு சொன்னதுக்கா என்று கேட்டு அழுதாயே, அப்போதே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன், ஆனால் அவர் குளியலறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பது கதவுக் கண்ணாடி வழியே நிழலாகத் தெரிந்தது. அடி அசடே, உன் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாம் ஒரு பம்பர் செய்த வேலை.

நீ வாங்கிக் கொடுத்த காரை அவர் எப்படி வைத்திருந்தார் என்று உனக்கே தெரியும். முப்பத்தைந்து வருஷம் பல் பிடுங்கிப் பல்செட் செய்த கை, பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சக்கரத்தின் இடுக்கெல்லாம் தேய்ப்பார். நானும் ஐம்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினேனா, அதை அவர் தம்பட்டம் அடிக்காத ஆள் பாக்கியில்லை, வீடு மாறி வந்த எதிர்வீட்டுக்காரரிடம் நம் பெயரைச் சொல்வதற்கு முன்னால் என் லைசென்ஸைத்தான் சொன்னார். அப்படியிருக்க, மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் முடிவெட்டப் போயிருந்த நேரம், நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போய்த் தள்ளுபடியில் கிடைத்தது என்று பத்து கிலோ சலவைத்தூள் மூட்டையை வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். மூட்டைக்கு சீட் பெல்ட் போடவில்லை என்று கார் வழியெல்லாம் பீப் பீப் என்று உயிரை வாங்கியது. வீட்டு வாசலில் திரும்பும்போது இன்னும் கூடுதலாகக் கத்தியது. சரி, போட்டுத் தொலைக்கிறேன் என்று ஒரு கையால் மூட்டைக்கு பெல்ட் மாட்டி நிமிர்வதற்குள் டமால். காற்றில் பாதி சாத்திக்கொண்டிருந்த நம் பச்சை கேட்டில் காரின் இடதுபக்க மூக்கு போய் இடித்திருக்கிறது. கடைசியாகக் கத்தியது மூட்டைக்காக இல்லை, கேட்டுக்காக. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பெல்ட் போட்டிருந்ததே.

இறங்கிப் பார்த்தால் பம்பரில் நீளமாக ஒரு விரிசல். ஈரத்துணியால் துடைத்தேன், விரிசல் துடைத்தால் போகுமா. அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி காரை ஒட்டி நிறுத்திவிட்டு, அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் முடிவெட்டிய தலையைத் தடவிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக வந்தார், சாப்பிடட்டும் என்று விட்டேன், சாப்பிட்டபின் தூங்கட்டும் என்று விட்டேன், இப்படியே பொழுது போய்விட்டது. மறுநாள் காலையில் அவர் காரை வெளியே எடுக்கும்போது, எப்போதும் மயிரிழையில் தப்புகிற அந்த வாசல் சிமென்ட் தூணில் அன்றைக்கென்று லேசாகப் பட்டது. பட்டதுதான் தாமதம், விரிசல் விட்டிருந்த மூலை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து கீழே விழுந்தது. ஐயோ, பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்ததை ஒடச்சிட்டேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இல்லைங்க, நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா, பாத்து ஓட்டக் கூடாதா. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் அந்தத் துண்டை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்துதான் உன் போன் வந்தால் குளியலறை.

முதலில் முக்குக்கடை மெக்கானிக்கிடம் போனோம், எல்லாரும் பெரிய ஸ்பேனர் என்று கூப்பிடுவார்களே, அவர்தான். பானெட்டைத் திறந்து பார்த்தார், உள்ளே பாத்திரத்தை மூடிவைத்த மாதிரி ஒரே கறுப்பு மூடி, கை வைக்க ஓர் இடமில்லை. பெரியவங்க விஷயம் சார், எனக்கு எதுக்கு வம்பு என்று மரியாதையாகத் திரும்ப மூடிவிட்டார். அப்புறம் கம்பெனி சர்வீஸுக்கே போனோம். அங்கே சோபா என்ன, ஏசி என்ன, இலவசக் காபி என்ன, காபி கொடுக்கும்போதே எனக்குக் கவலை, அந்தக் காபியை யார் கணக்கில் எழுதுவார்கள் என்று. கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டரோடு ஒரு பெண் வந்து, சிரித்த முகம் மாறாமல், பம்பர் மட்டும் இல்ல சார், அதுக்குப் பின்னாடி சென்சார் இருக்கு, அதைப் பிடிக்கிற பிராக்கெட் ஒடஞ்சிருக்கு, தனியா வராது, செட்டாத்தான் வரும், மாத்தினா கேமராவையும் நேர்பண்ணணும் என்று வாசித்துக்கொண்டே போனாள். கடைசியில் சொன்ன தொகை நம் குளியலறையை இடித்து டைல்ஸ் ஒட்டிய செலவைவிட அதிகம். அப்பாவுக்கு வந்ததே கோபம். ஏம்மா, ஒரு பல்லு ஆடுதுன்னு வந்தவங்களுக்கு நான் முழு வாயையும் பிடுங்கினேனா, தாடையை மாத்தினேனா என்று கேட்டார். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னொரு காபி வேணுமா சார் என்று கேட்டாள். வேண்டாம்மா, அதுக்கும் செட்டா ஏதாவது மாத்தச் சொல்லுவீங்க என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தவர் நேராகப் பரணில் ஏறினார். பழைய டிரில், அரைக்கிற கல், அச்சு எடுக்கிற கிண்ணம் எல்லாம் இறங்கின. பல்செட்டுக்கு ஈறு செய்கிற பொடியைக் கலந்து, காருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு நாளில் அந்த மூலையை அச்சு அசலாகச் செய்து ஒட்டிவிட்டார். வேலையில் குற்றம் சொல்ல முடியாது, கல் மாதிரி நிற்கிறது, ஆனால் நம் கார் வெள்ளை, ஈறு ரோஸ். தூரத்தில் இருந்து பார்த்தால் கார் உதட்டைத் தூக்கிக்கொண்டு இளிக்கிற மாதிரி இருக்கிறது. தெருப்பிள்ளைகள், பல்செட்டு போகுது டோய் என்று கூடவே ஓடிவருகிறார்கள். அது போகட்டும் என்றால், அந்தப் பூச்சு சென்சாரின் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டது போல, முன்னால் எப்போதும் யாரோ நிற்கிறார்கள் என்று காருக்கு ஒரே பிரமை. காலி ரோட்டில் திடீர் திடீரென்று பிரேக் போடுகிறது. காய்கறிக் கடைக்குப் போகும்போது நடந்துபோன எதிர்வீட்டுக்காரர் எங்களைத் தாண்டிப் போனார், அவர் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போதும் எங்களைப் பார்த்தார், நாங்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தோம். கடைசியில் அப்பா சின்ன டிரில்லால் சென்சாருக்கு நேராக ஒரு துளை போட்டார், போடும்போது பழக்க தோஷத்தில், கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ என்று காரிடம் சொன்னார். இப்போது பிரமை குறைந்திருக்கிறது, நாயைப் பார்த்தால் மட்டும் நிற்கிறது. ஆனாலும் பெரிய ரோட்டுக்கு எடுக்கக் கூடாது, சென்சாரையாவது முறையாகப் பார்த்தாக வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் போகிறோம்.

இதில் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம் வந்தாலும் சோறு இறங்கவில்லையடி. நான் செய்த தப்பை அந்த மனுஷர் தன் தலையில் போட்டுக்கொண்டு, உன்னிடம் பேச முகமில்லாமல் குளியலறையில் போய் உட்காருகிறார், நான் வெளியே நல்ல பிள்ளை மாதிரி உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். எப்படி அவரிடம் சொல்வது என்று நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். இரு, மழை தூறுகிறது, துணியை எடுத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். போர்வை ஒன்று நனைந்துவிட்டது. அப்பா கூடத்தில் பேப்பர் படிக்கிறார், காதில் பென்சில், எழுதுகிறது என்னவென்று ஏறிட்டும் பார்க்கவில்லை, நல்லவேளை. நீ பணம் கிணம் அனுப்பிவைக்காதே, அனுப்பினால் அவர் இன்னும் குறுகிப்போவார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, காரைப் பற்றிக் கேட்காதே, பேத்திக்கு முன்பல் விழுந்ததைச் சொல், பல் என்று காதில் விழுந்தால் அந்தக் கதவு தானே திறக்கும். மாப்பிள்ளையை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல், அங்கேயும் பம்பர் செட்டாகத்தான் வருமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, லீவு அடுத்த வருஷம் வராமலா போகும், அதற்காக அழாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நிறைவாக இருக்க வேண்டும் என்று இரண்டு கையையும் உங்கள் தலையில் வைத்ததாக நினைத்துக்கொள்.

உன் அம்மா

பின்குறிப்பு: மடிக்கப் போனால் கடைசித் தாளின் பின்பக்கம் பென்சிலில் உன் அப்பா கையெழுத்து. நான் துணி எடுக்கப் போன நேரத்தில் நடந்திருக்கிறது. முதல் நாளே தெரியும், விழுந்த துண்டில் பச்சை பெயின்ட் இருந்தது, தூணில் ஏது பெயின்ட், நிறம் பார்த்தே முப்பத்தைந்து வருஷம் பிழைத்தவன் நான் என்று எழுதியிருக்கிறார். காரைப் பற்றி நீ கேட்டால் அவருக்குப் பொய் வராதாம், அதனால்தான் குளியலறையாம், உன் மேல் கோபமே இல்லையாம். எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே, அப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டாள் என்று முடித்திருக்கிறார். மடிக்கும்போது நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்தாரே, அந்த வெகுளியை என்ன சொல்ல. படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் சிரித்தேன். நான் பார்த்ததை நீ அவரிடம் சொல்லாதே. நாளைக்குக் கடைக்கு நான்தான் ஓட்டப்போகிறேன்.