ஜோக்கர் அட்டை கனம்

ஏப்ரல் 2, வியாழன்

பரீட்சை முடிந்தது. கொண்டாட்டமாக மாடி அறைத் தரையில் ஒரு மணி நேரம் தவழ்ந்தேன். தேடியது ஓர் ஆணி, குண்டூசித் தலையைவிடச் சின்னது. கிடைத்தது. முழங்காலில் குத்தித்தான் கிடைத்தது.

அண்ணன் பதினெட்டாம் தேதி விடுதியிலிருந்து வருகிறான். அதற்குள் அவனுடைய பொம்மை ரயில் ஒரு முழுச் சுற்று ஓடியாக வேண்டும். அம்மாவின் தையல் மிஷின் மூன்றாகிவிட்டது, கீழே கால் வைக்க இடமில்லை, மாடி அறை வேண்டும் என்கிறாள். போனில் அண்ணனைக் கேட்டதற்கு, "எடுத்துடும்மா. அதான் ஓடலையே," என்றானாம். ஏழு வருஷம் கட்டியதை ஏழு வினாடியில் விட்டுக்கொடுத்துவிட்டான்.

ஏன் ஓடவில்லை என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் என்னைப் பார்ப்பதோடு சரி.

ஏப்ரல் 3

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஜனவரியில் அவன் நண்பர்கள் நாலு பேர் ரயில் பார்க்க வந்தார்கள். அவர்கள் மாடி ஏறுவதற்குள் அம்மாவின் மிஷின் எண்ணெயைத் தண்டவாளத்தில் ஒரு முழத்துக்குத் தடவிவைத்தேன். எஞ்சின் கம்பீரமாக வந்தது. வந்து, நின்ற இடத்திலேயே சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? "தள்ளு, தள்ளு" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்த் தள்ளினேன். கால் இடறியது. முழங்கையோடு வளைவின் மேல் விழுந்தேன். கம்பி ஒருபக்கம், கட்டை ஒருபக்கம்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். ஒரு போர்வையை எடுத்து மேஜை முழுக்க மூடினான். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். திட்டவே இல்லை.

அன்றிலிருந்து அவன் வாயிலிருந்து அம்மாவுக்கு 'சாப்பிட்டேன்', அப்பாவுக்கு 'சரிப்பா'. எனக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 5

உடைந்த துண்டைப் பெயர்த்தேன். அடியில் ஜல்லி மாதிரி தெரிவதற்காக மணலைக் கொட்டிப் பசையால் ஒட்டியிருக்கிறான். சுரண்டிச் சுரண்டி நகமே சின்னதாகிவிட்டது. கம்பிக்கு அடியில் கிடக்கிற ஸ்லீப்பர் கட்டைகளாவது நன்றாகத் தூங்கட்டும், எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

புதுத் துண்டு வைத்தால் வலது கம்பி ஒரு மயிரிழை உயரம். அதை அமுக்கினால் இடது எழும்புகிறது. எஞ்சின் மிகச் சரியாக அங்கே வந்து கவிழ்கிறது. பதினொரு தடவை. தண்டவாளம் என்ற வார்த்தையில் முதல் பாதி யாரைச் சொல்கிறது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 6

பதினாலு தடவை.

ஏப்ரல் 8

மிக்சி ரிப்பேர் கடைக்காரரிடம் ஈயம் பற்றவைக்கிற கோலை இரவல் கேட்டேன். முன்னே பின்னே பத்த வெச்சிருக்கியா என்றார். எங்கள் வகுப்பில் விசாரித்துப் பாருங்கள், பத்த வைப்பதுதான் என் முழுநேர வேலை என்றேன். சிரிக்கவில்லை மனுஷன். "ஈயத்தைக் கோல்ல வைக்காதம்மா. கம்பியச் சூடாக்கு, ஈயம் தானா ஓடும்," என்றார்.

இரண்டு விரலில் கொப்புளம். ஆனால் பிடித்துவிட்டது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அண்ணன் போட்ட பழைய இணைப்புகளில் எல்லாம் சின்னச் சின்னச் சந்து. எஞ்சின் போகும்போது டிக், டிக், டிக். சோம்பேறி. கையோடு கையாக அத்தனையையும் ஈயம் வைத்து அடைத்தேன். இருபத்திரண்டு சந்து. இப்போது சத்தமே இல்லை, எண்ணெய் தடவாமலே வழுக்குகிறது. அவனைவிட நான் கெட்டி.

ஏப்ரல் 10

மேகமூட்டம். ஒரு முழுச் சுற்று ஓடியது. இரண்டு, மூன்று, நாலு.

அம்மாவை இழுத்து வந்து காட்டினேன். வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "அவன் வர்றன்னைக்கும் இப்படி ஓடினா இருந்துட்டுப் போகட்டும். நான் பாதி ரூம்ல மிஷினைப் போட்டுக்கறேன்," என்றாள். அண்ணனுக்கு வீடியோ அனுப்பவில்லை. நேரில் பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

ஏப்ரல் 13

போச்சு. எல்லாம் போச்சு.

மத்தியானம் மூணு மணி. மேற்கு ஜன்னல் வெயில் மேஜை மேல அடிக்குது. நல்லா இருந்த வளைவு ஒட்டகம் மாதிரி முதுகைத் தூக்கிட்டு நிக்குது. நான் தொடல. சத்தியமா தொடல. ஆனா சொன்னா யார் நம்புவா, இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? அமுக்கினேன். பக்கத்துல எழும்புச்சு. அதை அமுக்கினேன், ஆணி தெறிச்சு எங்கேயோ போச்சு.

அப்பா எட்டிப் பார்த்தார். "உன் வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிடுச்சு போலயே," என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வீட்டில் ஜோக் அடிக்க நான் ஒருத்தி போதாதா?

ஏப்ரல் 15

காலையில் தானாகப் படுத்துக்கொள்கிறது. மூணு மணிக்கு எழுந்துவிடுகிறது. பேயா?

பேய் இல்லை. நான்தான். ஆணி தேடி அண்ணனின் சாமான் டப்பாவைக் கவிழ்த்தபோது ஒரு சீட்டு விழுந்தது. ஜோக்கர். மூன்று வருஷத்துக்கு முன் என் சீட்டுக்கட்டிலிருந்து காணாமல் போனது. அதற்காகப் பெரியம்மா பையனோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தேன். பின்பக்கம் அண்ணன் கையெழுத்து:

'இணைப்புக்கு நடுவில் இந்த அட்டை கனம் இடம் விடணும். வெயிலில் கம்பி நீளும். ஏய் குரங்கு, இதைப் படிக்கிறாய் என்றால் என் டப்பாவை நோண்டுகிறாய். மூடு.'

மூடவில்லை. சோம்பேறி என்று சொல்லி நான் அடைத்த இருபத்திரண்டு சந்தும் அவன் இந்த அட்டையால் அளந்து விட்டவை.

ஏப்ரல் 17

ஈயத்தைத் திரும்பச் சூடாக்கி, உறிஞ்சி எடுத்து, அட்டையை நுழைத்து, ஆறவிட்டு, உருவ வேண்டும். ஒரு சந்துக்கு அரை மணி. அடைத்தது ஒரே மத்தியானம்! பதினாறு முடிந்தது. ஆறு பாக்கி. நாளைக்கு அவன் வருகிறான்.

ஏப்ரல் 18

சரியாக மூணு மணிக்கா வரவேண்டும்? பையை வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போனான். நான் பின்னாலேயே. நான் அவசரமாக மூடிவைத்திருந்த போர்வையை எடுத்தான். ஒட்டகம் நின்றுகொண்டிருந்தது, போன வாரத்தைவிடச் சின்னதாக.

ஒரு ஜோக்கும் வரவில்லை எனக்கு. "இருபத்திரண்டையும் நான்தான் அடைச்சேன். பதினாறு திறந்துட்டேன். ஜனவரியில தள்ளினது… அதுக்கும் சேர்த்து சாரி."

வளைவைத் தடவிப் பார்த்தான். ஈயம் வைத்த இடங்களைக் குனிந்து பார்த்தான். என் விரலையும் பார்த்தான்.

"அட்டை எங்க?"

கொடுத்தேன்.

"கோலைச் சூடு பண்ணு, குரங்கு."

ஆறரைக்கு ஓடியது. டிக், டிக், டிக். அம்மா படியில் நின்று ஒரு சுற்றை முழுசாகப் பார்த்துவிட்டு, அளவுநாடாவால் எதிர்ச் சுவரை அளந்தாள்.

ஏப்ரல் 20

அப்பாவும் அண்ணனும் மிஷின்களை மேலே ஏற்றினார்கள். எதிர்ச் சுவர் ஓரமாக, மூன்றும்.

கோலைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் மிக்சி கடைக்காரரையும் கூட்டி வந்தேன், என் வேலையைக் காட்டலாம் என்று. சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் கம்பீரமாக வந்தது. ஸ்டேஷனுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

கம்பியைத் தொட்டேன். விரலில் மிஷின் எண்ணெய்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"தள்ளி விடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.