தளத்துக்குக் கீழே

என் மகராசிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் ‘நலம்’ என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

இப்போது ஒரு சின்னப் பாய்மரப் படகில் கயிறு கட்டும் கொண்டிகளைப் பொருத்துகிறோம். தளத்தின் மேலே நான் போல்ட்டைப் பிடிப்பேன். நாங்கள் ஆமை என்று கூப்பிடும் கூட்டாளி தளத்துக்குக் கீழே படுத்து, அகலத் தகடு வைத்து நட்டை முடுக்குவான். தகடு இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது கொண்டி பிய்ந்துவிடும். பழி என் தலையில். “வச்சாச்சு” என்று கீழிருந்து வரும் குரலை எப்படி நம்புவது? நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குத் தெரியாமல் உள்ளே தவழ்ந்து பார்த்தேன். எல்லாத் தகடுகளும் இருந்தன.

மேலே சுரண்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஆமை! கொண்டிக்கடியில் தண்ணீர் புகாமலிருக்க நான் பசை தடவினேனா என்று சோதிக்கிறான்.

“என்னடா பண்றே?”

“நீ கீழே என்ன பண்றியோ, அதேதான்.”

சிரித்ததில் தலை இடித்தது, சின்ன வீக்கம்தான்.

இங்கே போர்வை உறுத்துகிறது; உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. அப்பா ‘நன்றாக நடக்கிறார்’ என்று எழுதியிருந்தாயே, யார் கையைப் பிடித்துக்கொண்டு? உள்ளதை எழுது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அங்கே நடப்பதை இங்கிருந்து என்னால் தவழ்ந்து வந்து பார்க்க முடியாது.

உன் சந்தேகப் பிராணி