சோதனைக்கு அடித்த பெயர்

இன்று காலை எங்கள் செக்‌ஷனுக்குப் புது பிரிண்டர் வந்தது. முதல் சுற்றறிக்கையிலேயே தமிழ் உடைந்து விழுந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வெறும் கட்டங்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த அலுவலகத்தில் பிரிண்டர் தெரிந்த ஆள் நான்தானே! சூடான டோனர் வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய்.

பள்ளியில் நாம் ஒரே பெஞ்ச். நான் பர்மனென்ட் ஆனேன். நீ கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் பார்க்க வந்தாய். உள்ளே என்னை ‘சார்’ என்பாய், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டியதும் ‘டேய்’.

நீ இங்கே இருந்தபோதும் ஒருமுறை இதே கோளாறுதான். இரண்டு நாளாக ஓர் அறிவிப்பும் வெளியே போகவில்லை. அதிகாரி பிரிண்டரையே தலைமுழுகச் சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டில் எனக்கு விளக்கினாய்.

“மிஷின் மேல தப்பு இல்லடா, கம்ப்யூட்டர் சொல்றதை அதுக்கு எடுத்துச் சொல்ற டிரைவர் சாஃப்ட்வேர்தான். ஒரு டிரைவர், எல்லா வேலையும் கம்ப்யூட்டரையே செய்யவச்சு பக்கத்தைப் படமாக்கிக் குடுத்துடும், ஆனா ஆமை வேகம். இன்னொண்ணு சுருக்கமா உத்தரவு போடும். மிச்சத்தை பிரிண்டர் தன்கிட்ட இருக்கிற எழுத்தை வச்சு ஒப்பேத்தும். அதுகிட்ட தமிழ் ஏது? அங்கதான் ஒடையுது. மூணாவது, ஒவ்வொரு எழுத்தையும் இப்படி வளை, இப்படி இழுன்னு சொல்லிகினே போகும். நமக்கு அதுதான் வேணும்.”

எல்லா பிரிண்டருக்கும் பொதுவாக ஒரு டிரைவர் இருக்கிறதே என்றேன். சிரித்தாய்.

“அது என்னை மாதிரிடா. எந்த செக்‌ஷன்ல போட்டாலும் வேலை ஓடும். எந்த செக்‌ஷனும் எங்க ஆளுன்னு சொல்லாது.”

டிரைவரை மாற்றிவிட்டு, சோதிக்க உன் பெயரையே அடித்தாய். கொம்பு, கால், சுழி எல்லாம் அதில் உண்டு என்று உனக்கு ஒரு பெருமை. அப்பழுக்கில்லாமல் வந்தது.

அதிகாரிக்குக் குறிப்பு எழுதியவன் நான். ‘கோளாறு என்னால் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். கேவலம், ஒரு பாராட்டுக்காக. நீ அதைப் படித்துவிட்டு உன் மேஜைக்குத் திரும்பினாய்.

சில மாதங்களில் கான்ட்ராக்ட் கைமாறியது. யாரை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போட்ட அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “பிரிண்டரெல்லாம் நீங்களே பாத்துக்கிறீங்க. அப்புறம் அந்த ஆள் எதுக்குங்க?” ‘செய்தது அவன்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வேலை தப்பியிருக்கும். சொன்னால் என் குறிப்பு பொய்யாகிவிடும். “பாத்துக்கலாங்க சார்” என்றேன்.

நிறுத்தப்பட்டவர்களின் பட்டியல் அதே பிரிண்டரில்தான் வந்தது. நானே உன் கையில் கொடுத்தேன். வெகுநேரம் உன் பெயரைப் பார்த்தாய்.

“எழுத்து சுத்தமா வந்திருக்குங்க சார்.”

அன்று சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகும் ‘சார்’தான்.

பண்ருட்டியில் டோனர் நிரப்பும் கடையில் நீ வேலை பார்த்த காலத்தில், அந்தத் தெருவில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கடைப்படி ஏறவில்லை. போன மாதம் மாரடைப்பில் நீ போய்விட்டாய் என்று சேதி வந்தது. உன் ஊர் காடாம்புலியூர் வரை வந்துவிட்டு, உன் மனைவியின் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல் தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டேன். இப்படியும் ஒரு சிநேகிதன் உனக்கு.

இன்று நீ சொன்ன அந்த மூன்றாவது டிரைவரைத்தான் போட்டேன். சோதிக்க என் விரல்கள் உன் பெயரை அடித்தன. ஒரு சுழியும் சிதறவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

“யாரு சார் இது?”

“யாருமில்லம்மா. சும்மா டெஸ்ட்டுக்கு அடிச்சேன்.”

இன்றைக்கும் சொல்லவில்லை, பார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.