பலகாரப் பெட்டிக்குள் ஒரு பச்சை ஓணான்

அமா,

இன்று காலை பசுந்தாங் சந்தைக்குப் போயிருந்தேன். மௌல்மேன் படகிலிருந்து மங்குஸ்தான் கூடைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பழம் வாடாமல் இருக்கக் கூடைக்குள் ஈர இலையும் பாசியும் போட்டு அடைத்திருப்பார்களே, அதை ஒருவர் கைநிறைய அள்ளித் தரையில் போட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. வாங்க வந்ததை மறந்துவிட்டுக் குனிந்து அந்தக் குப்பையைக் கிளறினேன், உள்ளே ஏதாவது பச்சையாக அசைகிறதா என்று. கூடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நீங்களும் சேர்ந்து கிளறியிருப்பீர்கள்.

அந்தப் பச்சை ஓணான் நம்மிடம் வந்தபோது, நான் பர்மாவுக்குக் கப்பலில் வந்து இறங்கிய புதிது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வீடு. மாடியில் இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம். மூத்தவர் மச்சாண்டாருக்கு அரிசி ஆலையில் வேலை. இவருக்கு, உங்கள் கொழுந்தனாருக்கு, ரயில்வே பட்டறையில் தச்சு வேலை. நீங்கள் விடியற்காலையில் பலகாரம் விற்றுவிட்டு வந்த பிறகு, பகல் முழுவதும் வீட்டில் நீங்களும் நானும்தான். எனக்குப் பர்மியச் சொல் ஒன்றுகூடத் தெரியாது. உங்களுக்கு மச்சாண்டாரிடம் பொறுக்கிய தமிழ் கொஞ்சம். முதல் நாள் உங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டி "அமா, அமா" என்றீர்கள். ஓரகத்தியைப் போய் அம்மா என்று எப்படிக் கூப்பிடுவது என்று நான் விழித்தேன். உங்கள் பாஷையில் அது அக்கா என்று இவர் மாலையில் வந்து சொன்னார். இருவரும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகும் நம் பேச்சு சோற்றையும் குழம்பையும் தாண்டவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் நீங்கள் ஒரு மங்குஸ்தான் கூடை வாங்கி வந்தீர்கள். இலையை விலக்கினேன். கையளவு உடம்பும், அதைப் போல மூன்று பங்கு வாலுமாக, தளிர்ப் பச்சையில் ஓர் ஓணான் என் முழங்கை மேல் ஏறியது. நான் போட்ட கூச்சலில் கூடை கவிழ்ந்தது. நீங்கள் கூச்சல் போடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அதை ஏந்திக்கொண்டீர்கள்.

"பயம் இல்ல, ஞீமா. பாரு, கண்ணு எவ்ளோ அழகு."

ஞீமா என்றால் தங்கை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதை எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதற்குள், நீங்கள் பலகாரம் வைக்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக் காலி செய்துவிட்டீர்கள். "நாளைக்கு எதுல விக்கப்போற?" என்று மச்சாண்டார் கேட்டார். "வாழை இலை இருக்கு, விசிறி இருக்கு" என்றீர்கள். உங்கள் கடையே அந்தப் பெட்டிதான். அடுத்த சில மாதங்கள் நீங்கள் ஒரு கையால் விற்று, மறு கையால் ஈ ஓட்டினீர்கள்.

முதலில் நாம் செய்ததெல்லாம் தப்பு. ஓடைக்கரை மண்ணை அப்படியே அள்ளிக் கொட்டினோம். மூன்றாம் நாளே அழுகல் நாற்றம். பெட்டியை ஜன்னல் வெயிலில் வைத்தோம்; கண்ணாடிக்குள் சூடு ஏறி அது வாயைத் திறந்துகொண்டு தவித்தது. எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, நான் முந்தானையையும் நீங்கள் கைலியையும் இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தோம். அடியில் உடைந்த ஓட்டுச் சில்லு. அதன்மேல் அடுப்புக்கரியை நொறுக்கிப் போட்டீர்கள், தண்ணீர் கெடாது என்று. பிறகு மணல், பிறகு மரத்தடியில் மக்கிய இலைமண். குழாயடிச் சுவரிலிருந்து நான் பெரணியை வேரோடு பெயர்த்து வந்தேன். நீங்கள் வெற்றிலைக் கொடியில் ஒரு கணுவை வெட்டி ஊன்றினீர்கள். ஏறி உட்கார ஒரு காய்ந்த கொய்யாக் கிளையைச் சாய்த்து வைத்தோம். மேல்மூடிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலைத் துணியைச் சட்டத்தில் அடித்துக் கொடுத்தார் இவர், முணுமுணுத்துக்கொண்டே. முடித்துவிட்டுப் பார்த்தால் கூடத்தின் மூலையில் ஒரு குட்டிக் காடு. நமக்கோ முகமெல்லாம் மண். மதியம் சோறு வடிக்கவே மறந்திருந்தோம்.

ஆனால் அது தண்ணீர் குடிக்கவில்லை. கிண்ணத்தில் வைத்தோம், சிரட்டையில் வைத்தோம், மூக்கை நனைத்துப் பார்த்தோம். பச்சை மங்கிப் பழுப்பாகிவிட்டது. கண் குழிந்தது. "செத்துப்போகும். மரத்துல விட்டுடுங்க" என்றார் இவர். மறுநாள் காலையில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

அந்தக் காலையில் நீங்கள் புத்தர் மாடத்துக்கு வைக்கிற தபியே மரத்து இலைக்கொத்தைத் தண்ணீரில் முக்கி உதறினீர்கள். நான்கைந்து துளி கொசுவலை வழியாக வெற்றிலை மேல் விழுந்தது. நான் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஓணான் தலையைத் திருப்பியது. ஒரு துளியை நக்கியது. இன்னொன்றை நக்கியது.

"அமா, நக்குது பாருங்க. இலையில இருக்கிறதை நக்குது."

மாடத்துக்கான கொத்து முழுவதையும் அதன் மேலேயே உதறித் தீர்த்தீர்கள். அதற்குக் கிண்ணம் என்றால் என்னவென்றே தெரியாது, இலையில் நிற்கும் மழைதான் தண்ணீர். இது நமக்குப் புரிந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். மாலைக்குள் பச்சை திரும்பியது. அன்றிலிருந்து நாம் பேச ஆரம்பித்தோம். இலை, வேர், துளி, வெட்டுக்கிளி என்று தொடங்கி, நீங்கள் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லவும் நான் என் தம்பியைப் பற்றிச் சொல்லவும் முடிகிற அளவுக்கு.

நல்ல மழைக்காலத்தில் அது ஒரு மூலையை விடாமல் பிறாண்ட ஆரம்பித்தது. வெளியே போகத் தவிக்கிறது என்று நான் நினைத்தேன். நீங்கள் கையை விட்டு அதன் வயிற்றைத் தடவினீர்கள். முகம் மாறியது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தீர்கள். தோலுக்கு அடியில் கெட்டியாக இரண்டு.

"முட்டை. மண்ணு ஆழம் இல்ல, அதான் அழுவுது."

அந்த மூலையில் மட்டும் ஒரு சாண் ஆழத்துக்கு மண் ஏற்றினோம். மறுநாள் பார்த்தால் அதன் வயிறு ஒட்டிப்போய், மூக்கில் மண் அப்பியிருந்தது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். உடம்பு தேறியதும், குஞ்சைத் தின்றுவிடுமே என்று தாயைப் பின்பக்கத்து மாமரத்தில் விட்டோம். முட்டைகள் நம்மிடம் இருந்தன.

இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பௌர்ணமியன்று வரும் உங்கள் விளக்குத் திருநாள் நெருங்கியது. உங்களுக்கு வருஷத்தில் அதிகம் விற்கும் நாட்கள் அவை. "அது எப்பவோ அழுகிப்போச்சு. மண்ணைக் கொட்டிட்டுப் பெட்டிய கழுவு" என்றார் மச்சாண்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஈ மொய்க்கிற பலகாரத்தைத் திருநாளில் யார் வாங்குவார்கள் என்பது அவர் கவலை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நீங்கள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். "பெட்டி வேற வாங்கலாம். இது வேற வாங்க முடியாது."

"சரி, பௌர்ணமி வரைக்கும்" என்றார் அவர்.

பௌர்ணமிக்குச் சில நாள் முன்பு, ஒரு காலையில் நான் கீழே குழாயடியில் இருந்தேன். மரப்படிகள் அதிர்கிற சத்தம் கேட்டது. நீங்கள் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தீர்கள், கூந்தல் அவிழ்ந்து, ஒரு கையில் கைலியைத் தூக்கிப் பிடித்தபடி.

"லா, ஞீமா, லா, லா!"

வா என்று அர்த்தம். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். மண்ணில் ஒரு சிறு துளை. பக்கத்தில் பெரணி இலைமேல், சுண்டுவிரல் நீளத்தில், நூல்போல வாலோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளையிலிருந்து இன்னொரு தலை வந்தது. எட்டிப் பார்த்தது. கண்ணைச் சிமிட்டியது. எனக்கு ஏன் அழுகை வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நீங்கள் சிரித்துக்கொண்டே என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணனும் தம்பியும் வேலைக்குப் புறப்பட்டவர்கள், சட்டையோடு தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். மச்சாண்டார் எழுந்து போனார். திரும்பி வந்தபோது வாழைப்பழத் தோலில் மொய்த்த பொடிப் பூச்சிகளை மூடிய கையில் கொண்டுவந்தார்.

அந்தப் பெட்டி பலகாரத்துக்குத் திரும்பவே இல்லை. திருநாளுக்கு இவர் இரண்டு நாள் உட்கார்ந்து வேறு பெட்டி செய்து கொடுத்தார். குஞ்சுகள் வளர்ந்து மாமரத்துக்குப் போன பிறகும் பெரணியும் வெற்றிலையும் அதிலேயே தழைத்தன.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. மச்சாண்டார் அதிகம் பேசுவதில்லை. நான் அழுதுகொண்டே இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் எனக்குள் வேறொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நல்லது ஒன்று கண்ணில் பட்டால் என்னால் தனியாக நின்று பார்க்க முடிவதில்லை. நேற்று ஓடையில் அரிசிப் படகின் கயிற்றில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. கைவேலையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி, "லா, லா" என்று உங்கள் கொழுந்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பாதி சவரத்தில் எழுந்து வந்தவர், கன்னத்தில் சோப்பு நுரையோடு, அது பறந்து போகும்வரை என் பக்கத்தில் நின்று பார்த்தார்.