மேனேஜரின் முழங்கால்

கணவர் கண்ணை மூடி மண்டியிட்டு, காலை ஜெபத்தில் ஊரில் ஒருவர் விடாமல் எல்லோருக்காகவும் மன்றாடிக்கொண்டிருந்தார். அவருடைய மேனேஜரின் முழங்கால் வலி ஜெபத்தில் இரண்டாம் முறையும் வந்துவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டிருந்த நர்ஸ் மனைவியின் பெயர் மட்டும் அதில் வரவேயில்லை. அவள் எழுந்துபோய்ச் சீட்டெழுதி அவருடைய வேதாகமத்தின்மேல் வைத்தாள்.

“சாப்பாடு மூடி வச்சிருக்கு. பொங்கி வழிஞ்ச பாலை நீங்களே துடைங்க. ஆபரேஷன் தியேட்டர் இன்னைக்குத்தான் முதல் தடவையா என் பொறுப்புன்னு ராத்திரி படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மேனேஜர் முட்டி ஞாபகம் இருக்கு, நான் இல்ல. இப்ப பதறிப்போய் எனக்காக ஜெபிக்க வேண்டாம். பஸ்ல நானே எனக்காக ஜெபிச்சுக்கிறேன்.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“எந்திரிக்கும்போது நாற்காலியைப் பிடிச்சுக்கோங்க. உங்க முட்டிக்குத் தினமும் ஜெபிக்கிறது நான் ஒருத்திதான். இன்னைக்கு ஜெபிக்கல.”